ஆங்கில வினைச்சொற்களும் எஹலியகொடைப் பிள்ளைகளும்

எஹலியகொடையை அண்டிய றப்பர்த் தோட்டமொன்றின் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தம் மாணவர்கள் பயிற்சிக்காக எழுதிய கடிதங்கள் சிலவற்றின் படிகளை எனக்கு அனுப்பியிருந்தார். 'இவர்களுக்குச் சொற்கள் தெரிகின்றன; வாக்கியந்தான் வருவதில்லை. என்ன காரணம்?' என்பது அவருடைய கேள்வி. படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மையே. எழுத்துப் பிழைகள் அதிகமில்லை. இறந்தகாலம், நிகழ்காலம் கூடப் பெரும்பாலும் சரியாகவே வந்திருந்தன. பிழைகள் எல்லாம் ஓரிடத்திலேயே குவிந்து கிடந்தன. வினைச்சொல்லுக்கும் அதனை அடுத்து வரும் பெயருக்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய இடைவெளியே அந்த இடம்.

'ஹெல்ப் டு மை மதர்' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. 'டிஸ்கஸ் எபவுட் த ப்ரொப்ளம்' என்று இன்னொன்று. 'ஆஸ்க் ஃப்ரம் த டீச்சர்', 'என்டர் இன்டு த ஹவுஸ்', 'மேரி வித்' என்று இப்படியே தொடர்ந்தது. வேண்டாத இடத்தில் ஒரு முன்னிடைச்சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேண்டிய இடத்தில் காணாமற்போகிறது. 'லிஸன் த ரேடியோ', 'வெயிட் த பஸ்' என்றும் எழுதியிருந்தார்கள்.

இவற்றை அறியாமை என்று ஒதுக்க நான் ஒருப்படேன். அம்மாவுக்கு உதவுகிறோம், அம்மாவை உதவுவதில்லை. ஆசிரியரிடம் கேட்கிறோம். வீட்டுக்குள் நுழைகிறோம். பிரச்சினையைப் பற்றிக் கலந்துரையாடுகிறோம். வானொலியையோ கேட்கிறோம், வானொலிக்குக் கேட்பதில்லை. அந்தப் பிள்ளைகள் செய்ததெல்லாம், தாய்மொழி இலக்கணத்தைத் துளியும் பிசகாமல் ஆங்கிலத்தின்மேல் ஏற்றி வைத்ததுதான். பிழை செய்யும்போதும் அவர்கள் ஓர் ஒழுங்கைப் பின்பற்றியிருக்கிறார்கள். அந்த ஒழுங்கு எது என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அதுவே குறை.

இது தமிழ்ப் பிள்ளைகளின் நோய் மட்டுமன்று. எஹலியகொடை, அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். தோட்டத்துப் பிள்ளைகள் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு சேர்ந்தே வளர்கிறார்கள். எனக்குப் பசிக்கிறது என்று நாம் சொல்வதை அவர்கள் 'மட்ட படகினி' என்கிறார்கள். இரண்டிலும் பசி 'எனக்கு' நேர்கிறது. ஆங்கிலேயனுக்கோ 'நான்' பசியாக இருக்கிறேன். ஆசிரியரிடம் கேட்பதும் இரு மொழியிலும் ஒரே வகைதான். ஆகவே 'ஆஸ்க் ஃப்ரம்' என்பது கொழும்புக் காரியாலயங்களின் கடிதங்களில்கூடச் சரளமாக நடமாடுகிறது. இலங்கை ஆங்கிலத்துக்கென்று மைக்கேல் மெய்லர் 2007 இல் ஓர் அகராதியே வெளியிட்டார். நாட்டு வழக்கு என்று ஏற்றுக்கொள்ளத்தக்கவை சில உண்டு. ஆனால் எது நாட்டு வழக்கு, எது நம்மை ஏமாற்றிவிடும் வழக்கு என்று பிரித்தறியும் வசதி கொழும்பு ஏழில் பிறந்தவனுக்கு இருக்கிறது. லயத்தில் பிறந்தவனுக்கு இல்லை.

நம் ஊர்ப் பாடசாலைகளில் ஆங்கில வினைகள் எப்படிக் கற்பிக்கப்படுகின்றன? கரும்பலகையில் இரண்டு நிரல்கள் கீறப்படுகின்றன. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். 'கட்' என்றால் வெட்டு, 'கிவ்' என்றால் கொடு, 'ஸ்டொப்' என்றால் நிறுத்து. பிள்ளை மனனம் செய்கிறது. வினைச்சொல் என்பது பெட்டியில் தனித்தனியே அடுக்கி வைக்கத்தக்க பொருள் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிடுகிறது. உண்மையில் எந்த மொழியிலும் வினை தனியே வாழ்வதில்லை. எந்தப் பெயரோடு, எந்த உருபோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது.

இதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விளக்க வெளியிலிருந்து உதாரணம் தேட வேண்டியதில்லை. 'வெட்டு' என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டினால் மரம் வீழ்கிறது. றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினால் மரம் வீழ்வதில்லை. பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய கீற்றுச் சீவப்படுகிறது, பால் சிரட்டையில் வடிகிறது. மலையிலே கான் வெட்டினால் நீர் ஓட வழி பிறக்கிறது. கவ்வாத்து வெட்டினால் தேயிலைச் செடி மீண்டும் தளிர்க்கிறது. பெயரை வெட்டினால் ஒரு குடும்பத்தின் சோறு போகிறது. வினை ஒன்றேதான். அதனோடு சேர்ந்த பெயர் மாற மாறச் செயலே மாறுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த ஐந்தும் தெரியும். எவரும் கற்பிக்காமலே தெரியும்.

ஆங்கிலம் இந்த ஐந்தில் எதற்கும் 'கட்' என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிடுவதில்லை. பால் வெட்டுவதற்கு 'டேப்' என்ற வினை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் பாலை வெட்டுகிறோம். சிங்களவரும் 'கிரி கபனவா', அதாவது பால் வெட்டுதல் என்றே சொல்கிறார்கள். ஆங்கிலேயன் 'டேப் த ட்ரீ' என்று மரத்தைச் செயப்படுபொருளாக்குகிறான். நமக்குக் கிடைப்பது செயப்படுபொருள். அவனுக்குக் கிடைப்பதற்கு இடமாக இருப்பது செயப்படுபொருள். இதனோடு ஓர் 'ஆன்' சேர்த்து 'டேப் ஆன் த ட்ரீ' என்று பிள்ளை எழுதிவிட்டால், அதன் தகப்பன் விடியற்காலையில் எழுந்து ஒவ்வொரு மரமாகப் போய்க் கதவைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டு வருகிறான் என்று பொருளாகிவிடும். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்த பிறகு மறக்க மாட்டார்கள்.

'அப்ளை' என்ற வினையும் அப்படித்தான். மரத்துக்கு உரம் போடுவதும் அதுவே, வேலைக்கு விண்ணப்பிப்பதும் அதுவே. உரத்தைப் பொறுத்தவரை, போடப்படும் உரம் வினையை ஒட்டி நேரே வரும். மரத்துக்கு முன் 'டு' வரும். விண்ணப்பத்திலோ வேலைக்கு முன் 'ஃபோர்', துரைக்கு முன் 'டு'. 'ஐ அப்ளை த ஜொப்' என்று எழுதுகிற பையன் வேலையை எடுத்து எதன்மீதோ பூசுகிறான். நேர்முகத் தேர்வுக்கு அழைக்காமல் விடுவதற்கு அந்த ஒரு வரி போதும். அழைக்காதவர் காரணம் சொல்லப்போவதில்லை. பையனுக்கும் காரணம் தெரியப்போவதில்லை.

'லுக்' என்ற ஒரு வினையோடு 'அட்', 'ஃபோர்', 'ஆஃப்டர்', 'இன்டு' என்று மாற்றி மாற்றிச் சேர்த்துப் பட்டியல் போடும் வழிகாட்டி நூல்கள் கடைகளில் நிறையவே உள்ளன. அவற்றை நான் இங்கே மீண்டும் எழுதப் போவதில்லை. அவை பயனற்றவை அல்ல. ஆனால் பட்டியலை மட்டும் படித்தவர்கள் பட்டியலை மட்டுமே ஒப்புவிக்கிறார்கள்.

அந்தக் கடிதக் கட்டில் ஒரு கடிதம் என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது. தகப்பன் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கற்பனை செய்துகொண்டு, நியாயம் கேட்டு எழுத வேண்டும் என்பது பயிற்சி. மாணவி எழுதியிருந்தது: 'மை ஃபாதர் கேவ் நோட்டிஸ் அண்ட் ஸ்டொப்ட் த வேர்க்'. அவள் நினைத்தது என்ன? அப்பாவுக்கு நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தினார்கள் என்பது. தமிழில் செய்தவர் யாரென்று சொல்லாமலே வாக்கியம் நடக்கும். 'அப்பாவுக்கு' என்ற 'கு' உருபு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் எழுவாயிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை. முதலில் நின்ற பெயரே செய்தவனாகிவிடுகிறது. அவள் எழுதியதன் பொருள்: தகப்பன் தானே முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு வேலையை விட்டுவிட்டான்.

சட்டம் அறிந்தவர்கள் இதன் பாரத்தை உடனே உணர்வார்கள். 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி ஒரு தொழிலாளி தொழில் நியாய சபைக்கு வேலைநீக்கம் குறித்து முறையிடுவதானால், அவரது சேவையைத் தொழில்கொள்வோர் முடிவுறுத்தியிருக்க வேண்டும். தானாக விலகியவருக்கு அந்த வழி திறக்காது. ஆகவேதான் தொழில்கொள்வோர் தரப்பு, அவர் பதவியைத் தாமே கைவிட்டுச் சென்றார் என்று வாதாடுவது வழமை. 'நிறுத்தினார்கள்' என்பதற்கும் 'நின்றார்' என்பதற்கும் இடையே தமிழில் உள்ள வேறுபாடு ஒரு வல்லினமும் ஒரு விகுதியும். ஆங்கிலத்தில் 'ஸ்டொப்' என்ற ஒரே வினை இரண்டையும் செய்கிறது. எந்தப் பெயர் முன்னே, எந்தப் பெயர் பின்னே, நடுவில் 'ஃப்ரம்' உண்டா இல்லையா என்பதே தீர்மானிக்கிறது. பணிக்கொடை எவ்வழியில் விலகினாலும் கிடைக்கும். 1983 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. வேலை திரும்பக் கிடைப்பதுதான் ஒரு முன்னிடைச்சொல்லில் தொங்குகிறது. அந்த மாணவியின் கடிதம் பயிற்சிக் கடிதம் என்பது பெரிய ஆறுதல். தோட்டத்தில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த பிள்ளையிடம் அயல் வீட்டார் உண்மையான கடிதங்களையும் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

'தமிழிலேயே எழுதினால் என்ன?' என்று கேட்பார் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. தமிழில் எழுதும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் தோட்ட நிர்வாகங்கள் 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கின்றன. கம்பனியின் ஏடுகளும் சுற்றறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பிறக்கின்றன. நாம் தமிழில் எழுதலாம். வருகின்ற பதிலை வாசித்தாக வேண்டுமே. அதைச் சரியாக வாசிக்கத் தெரிவதும் ஓர் உரிமைதான்.

மலையக மக்களின் வரலாறே ஆங்கில வினைச்சொற்களால் எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையென்று நினைக்க வேண்டாம். துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடனைத் தீர்த்தால் அவனை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921 இல் அது ஒழிக்கப்பட்டது. கடனைத் தீர்ப்பதற்கும் ஆங்கிலத்தில் 'டிஸ்சார்ஜ்', ஆளை விடுவிப்பதற்கும் 'டிஸ்சார்ஜ்'. கடனும் மனிதனும் ஒரே வினைக்குச் செயப்படுபொருளாக நின்ற காலம் அது.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிரசாவுரிமையைப் பறித்தார்கள் என்று நாம் சொல்கிறோம். தமிழில் பறிக்கப்படுவது பொருள். அது யாரிடமிருந்தோ பறிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் 'டிப்ரைவ்' என்ற வினை இதைத் தலைகீழாக்கும்: மனிதன் நேர்ச் செயப்படுபொருளாகிறான், இழந்த பொருளுக்கு முன் 'ஆஃப்' வருகிறது. 'ரொப்' என்பதும் இப்படியே. 'ஸ்டீல்' என்பது மட்டும் தமிழைப் போல் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. 'தே டிப்ரைவ்ட் சிட்டிசன்ஷிப் ஃப்ரம் அஸ்' என்று நம் பிள்ளைகள் எழுதுவது இதனால்தான். எனக்கு இதில் ஆங்கில அமைப்பே பொருத்தமானதாகத் தோன்றுகிறது. அடிபட்டது பத்திரமன்று, மனிதன். அவனையே வினை நேராகத் தொடுகிறது. ஆனால் சட்டத்தைத் திறந்து பாருங்கள். அதிலே பறித்தல் என்ற பேச்சே இல்லை. தந்தை இலங்கையில் பிறந்திருந்தால், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருந்தால், அந்த நபருக்கு வம்சாவழிப் பிரசை என்ற அந்தஸ்து இருக்கும் என்பதாகவே வாசகம் செல்கிறது. 'ஹேவ்' என்ற அப்பாவி வினை. யாரும் எதையும் எடுக்கவில்லை. சிலருக்கு இருக்கும், சிலருக்கு இராது. தந்தையின் பிறப்புச் சான்றிதழ் எந்த லயத்தில் இருந்தது?

பிறகு 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றோராக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்பது என்பது ஏற்பாடு. 1974 இல் அந்த எஞ்சியவர்களையும் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். இந்த விவகாரம் முழுவதையும் ஆண்ட ஆங்கில வினை 'ரிபாட்ரியேட்'. அது செயப்படுபொருள் குன்றாத வினை. ஒருவர் செய்கிறார், இன்னொருவர் செய்யப்படுகிறார், 'டு' என்ற சொல்லோடு ஒரு நாடு வருகிறது. 'வேர் ரிபாட்ரியேட்டட் டு இந்தியா' என்று செயப்பாட்டுவினையில் எழுதும்போது அனுப்பியவர் யாரென்பது மறைந்தாலும், அனுப்பப்பட்டார்கள் என்பதாவது எஞ்சும்.

தமிழ்நாட்டில் இவர்களுக்கு வழங்கிய பெயர் 'தாயகம் திரும்பியோர்'. திரும்புதல் தன்வினை. எவரும் திருப்பவில்லை, தாமே திரும்பினார்கள் என்பது அதன் பொருள். சப்ரகமுவவின் றப்பர் மலைகளில் பிறந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறும்வரை இந்தியாவைக் கண்டறியாதவர்கள் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளின் றப்பர்த் தோட்டங்களிலும் 'திரும்பியோர்' ஆனார்கள். பத்திரிகைகளும் அந்தச் சொல்லையே அச்சிட்டன. மொழிபெயர்ப்பு மேசைகளில் இருந்தவர்கள் வஞ்சகமாக எதையும் செய்யவில்லை. 'திருப்பி அனுப்பப்பட்டோர்' என்பது தலைப்பில் இடம் கொள்ளாது, 'திரும்பியோர்' கொள்ளும். செய்தித்தாளில் எவ்வளவோ உண்மைகள் இப்படி இட நெருக்கடியில் இறந்திருக்கின்றன.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம், இலக்கணம் என்றவுடன் முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே அதிகரித்துவிட்டார்கள் என்பதே. பேச்சுப் பயிற்சி போதும், இலக்கணம் பிள்ளைகளை அச்சுறுத்தும் என்பது இப்போதைய வாதம். கொழும்பில் வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் காதில் விழும் பிள்ளைக்கு அது சரியாக இருக்கலாம். ஆங்கிலம் வாரத்தில் சில பாடவேளைகள் மட்டுமே காதில் விழும் பிள்ளைக்கு, 'ஹெல்ப்' என்பதற்குப் பின் 'டு' வராது என்பது எந்தக் காற்றில் மிதந்து வரும்? 2009 ஐ அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தது. ஆங்கிலத்தை வாழ்க்கைத் திறனாகப் பேசுவோம் என்று மேடைகளில் முழங்கினார்கள். முழக்கத்தால் முன்னிடைச்சொல் வசப்படாது.

ஏ. எஸ். ஹோர்ன்பி என்ற ஆங்கிலேயரை இங்கே நினைவுகூர வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். ஜப்பானியப் பிள்ளைகள் சொற்பொருளை அறிந்தும் வாக்கியம் அமைக்கத் தடுமாறியதைக் கண்டு, ஆங்கில வினைகள் எவ்வெவ்வாறு பெயர்களோடும் முன்னிடைச்சொற்களோடும் சேர்கின்றன என்பதை அமைப்பு அமைப்பாகப் பிரித்தார். அவர் தலைமையில் உருவான அகராதி 1942 இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948 முதல் ஒக்ஸ்போர்ட் பதிப்பாக உலகெங்கும் பரவியது. வினையின் பொருளோடு அது சேரும் முறையையும் குறியிட்டுக் காட்டியதே அதன் சிறப்பு. நம் பாடசாலை நூலகங்களில் அந்த அகராதியின் ஏதாவதொரு பதிப்பு தூசி படிந்து கிடக்கும். பொருளைப் பார்த்துவிட்டு மூடுகிறோம். எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிப்பதில்லை.

ஹோர்ன்பிக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே பவணந்தியார் நன்னூலில் இவ்வழியில் சிந்தித்திருக்கிறார். இரண்டாம் வேற்றுமையின் பொருள்களைச் சொல்லும்போது ஆக்குதல், அழித்தல், அடைதல், நீத்தல் என்று வினைகளை வகை பிரிக்கிறார். எந்த வகை வினை 'ஐ' உருபை வேண்டி நிற்கும் என்பதற்கான வரைபடம் அது. நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, தகுதி, முறை என்று வேறு வகை. இதையே ஆங்கிலத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். ஊரை அடைந்தான், ஊரை நீத்தான் என்பவற்றுக்கு 'ரீச்', 'லீவ்' என்ற வினைகள் முன்னிடைச்சொல் இல்லாமலே வருகின்றன. பவணந்தியாரோடு முற்றிலும் ஒத்துப்போகின்றன. 'அரைவ்' மட்டும் பிடிவாதமாக 'அட்' அல்லது 'இன்' கேட்கிறது. கொடையில் 'கிவ்' இருவழியும் போகும்: கொடுக்கப்பட்டவரை வினைக்கு அருகில் வைத்தால் முன்னிடைச்சொல் வேண்டாம், தள்ளி வைத்தால் 'டு' வேண்டும். 'கிராண்ட்' அதன் தம்பி. மலையக மக்களுக்கு ஒருவாறு கதவைத் திறந்த 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களின் ஆங்கிலப் பெயர்கள் இரண்டிலும் இந்தக் 'கிராண்ட்' இருக்கிறது. பெறுவோருக்கு முன் 'டு' இருக்கிறது. நம் 'கு' தான் அது.

ஆனால் தமிழ் ஆசிரியர் தமிழ்ப் பாடவேளையில் வேற்றுமை உருபுகளை எட்டாகப் பிரித்து ஒப்புவிக்கச் செய்கிறார். ஆங்கில ஆசிரியர் ஆங்கிலப் பாடவேளையில் முன்னிடைச்சொற்களைப் பட்டியலாக ஒப்புவிக்கச் செய்கிறார். இரண்டு பாடவேளைக்கும் நடுவில் மணி அடிக்கிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் கருவிகள் என்று எவரும் பிள்ளையிடம் சொல்வதில்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் தண்டம் விதிக்கும் பாடசாலைகளும் உண்டு. பிள்ளை கையோடு கொண்டுவந்த இலக்கணத்தை வாயிலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வா என்பதுதானே இது?

அந்த ஆசிரியைக்கு நான் எழுதிய பதில் மிகச் சாதாரணமானது. இரண்டு நிரல்களுக்குப் பதிலாக மூன்று நிரல்கள் கீறச் சொன்னேன். முதலாவதில் ஆங்கில வினை தனியாக அல்ல, தன் பெயரோடும் முன்னிடைச்சொல்லோடும் சேர்ந்த ஒரு சிறு வாக்கியமாக. இரண்டாவதில் தோட்டத்துத் தமிழில் அதே செய்தி, உருபுக்கு அடிக்கோடு. மூன்றாவதில் இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று பிள்ளையே தன் சொற்களில் எழுத வேண்டும். நாளொன்றுக்கு மூன்று வினை போதும். பாடநூலில் உள்ள விமான நிலையத்தையும் கடற்கரை விடுதியையும் விட்டுவிட்டு, பால் வெட்டு, உரம் போடு, நிறு, கழி, பற்று வை, கையொப்பமிடு என்று தோட்டத்து வினைகளிலிருந்தே தொடங்கச் சொன்னேன். சம்பளச் சீட்டில் வருகின்ற 'டிடக்ட் ஃப்ரம்' என்பதைப் புரிந்துகொண்ட பிள்ளை, 'சப்ட்ரக்ட் ஃப்ரம்' என்பதைக் கணித வகுப்பில் தானே பிடித்துக்கொள்ளும்.

இதற்கு வெளிநாட்டு நிதி வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். தோட்டப் பாடசாலைகளுக்கென ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் தமிழ் விரிவுரையாளரும் ஆங்கில விரிவுரையாளரும் நன்னூலின் வேற்றுமைப் பகுதியையும் ஹோர்ன்பியின் அகராதியையும் ஒரே மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சில மாலைகள் உட்கார வேண்டும். யார் யாரை அழைப்பது என்பதில்தான் நம்மவர்களிடையே தகராறு வரும். ஆங்கிலத் துறையே அழைக்கட்டும், தேவை அவர்களுக்குத்தான்.